தொலைந்த மௌனப்படத்தைக் காகிதத்தில் தேடுவது எப்படி: 'தி ஹோம்ஸ்டெடர்' (1919) வழியாக ஒரு முழு வழிகாட்டி

1919 பிப்ரவரி 20 அன்று, சிகாகோவின் எட்டாவது ரெஜிமென்ட் ஆர்மரி என்ற ராணுவக் கட்டடத்தில் ஒரு மௌனப்படம் திரையிடப்பட்டது. பெயர் 'தி ஹோம்ஸ்டெடர்'. மொத்தம் எட்டு ரீல். எழுதி, தயாரித்து, இயக்கியவர் ஆஸ்கர் மிஷோ. கறுப்பின அமெரிக்கர் ஒருவர் எடுத்த முதல் முழுநீளப் படம் என்று வரலாற்று நூல்கள் சொல்வது இதைத்தான். இன்று அதன் ஒரு சுருள்கூட யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனாலும் அந்தப் படத்தின் கதை என்ன, யார் நடித்தார்கள், பணம் எங்கிருந்து வந்தது, யார் எதிர்த்தார்கள் என்பதெல்லாம் தெரிகிறது. சுவரொட்டியில் என்ன வாசகம் போட்டால் கூட்டம் வரும் என்று இயக்குநர் போட்ட கணக்குகூட எழுத்தில் இருக்கிறது. படம் போனாலும் அதைச் சுற்றிச் சேர்ந்த காகிதம் மிஞ்சியிருக்கிறது. அந்தக் காகிதத்தை எந்த வரிசையில் தேடுவது, எதை எவ்வளவு நம்புவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். 'தி ஹோம்ஸ்டெடர்' உதாரணம்தான். இதே வேலைமுறையை வேறு எந்தத் தொலைந்த படத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்தே பாதி வேலையை முடித்துவிடலாம். மீதிப் பாதிக்குக் காப்பகங்களுக்கு மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்க வேண்டும்.

தொடங்குமுன்: 'ரேஸ் படம்' என்றால் என்ன

அமெரிக்காவில் 1910-களிலிருந்து 1940-களின் கடைசிவரை, கறுப்பின ரசிகர்களுக்காகக் கறுப்பின நடிகர்களை வைத்து எடுத்த படங்களை 'ரேஸ் படங்கள்' என்பார்கள் ('ரேஸ்' என்றால் இங்கே இனம்). தியேட்டருக்குள்ளும் நிறப் பிரிவினை இருந்த காலம் அது. கறுப்பர்களுக்கென்று தனித் தியேட்டர்கள் இருந்தன. அவை இல்லாத ஊர்களில், வெள்ளையர் தியேட்டரில் வழக்கமான ஆட்டங்கள் முடிந்தபிறகு நள்ளிரவுக் காட்சி போடுவதும் உண்டு.

முதலாளிகள் எல்லோரும் கறுப்பர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சிகாகோவின் வில்லியம் ஃபாஸ்டர், லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியை நடத்திய ஜான்சன் சகோதரர்கள், மிஷோ ஆகியோர் கறுப்பர்கள். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் படமெடுத்த ரிச்சர்ட் நார்மன் வெள்ளையர். யாருடைய பணம், யாருடைய கம்பெனி என்பதை முதல் நாளே குறித்து வையுங்கள். எந்தக் காப்பகத்தின் கதவைத் தட்டுவது என்பது அதை வைத்துத்தான் முடிவாகும்.

இவை ஏன் இவ்வளவு மோசமாக அழிந்தன? அமெரிக்க மௌனப்படங்கள் எல்லாமே பரிதாப நிலையில்தான் இருக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை வெளிவந்த 10,919 முழுநீளப் படங்களில் முதலில் வெளியான அதே 35 மி.மீ. வடிவில் முழுமையாக இருப்பவை 14 சதவீதம். சுமார் 70 சதவீதம் அடியோடு இல்லை. பெரிய ஸ்டுடியோக்களுக்கே இந்தக் கதி. ரேஸ் படங்களுக்கோ பிரிண்ட் எண்ணிக்கையே மிகக் குறைவு. கையிலிருந்த சில பிரிண்டுகளை ஊர் ஊராக எடுத்துப்போய், தேயும்வரை ஓட்டினார்கள். பத்திரப்படுத்த ஸ்டுடியோ கிடங்கு எதுவும் இல்லை. பேசும்படம் வந்தபிறகு பழைய மௌனப்படத்தால் காசும் இல்லை. மிஷோ இருபதுக்கும் மேல் மௌனப்படங்கள் எடுத்தார். இன்று நாம் பார்க்க முடிவது மூன்றுதான்.

படி 1: நிஜமாகவே தொலைந்துவிட்டதா என்று பாருங்கள்

'தொலைந்த படம்' என்றால் 'இருப்பதாக இதுவரை யாருக்கும் தெரியாத படம்' என்றுதான் பொருள். மிஷோவின் மிஞ்சிய மூன்று மௌனப்படங்களின் வரலாற்றைப் பார்த்தாலே இது விளங்கும்.

1920-ல் வந்த 'விதின் அவர் கேட்ஸ்' தொலைந்த பட்டியலில்தான் பல காலம் கிடந்தது. 1970-களில் ஸ்பெயினில், மாட்ரிட் திரைப்படக் காப்பகத்தில் 'லா நெக்ரா' என்ற ஸ்பானியத் தலைப்போடு ஒரு பிரிண்ட் இருப்பது தெரியவந்தது. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் அதை வாங்கி 1993-ல் சீரமைத்து முடித்தது. அதே 1920-ல் வெளிவந்த 'தி சிம்பல் ஆஃப் தி அன்கான்கர்ட்' பெல்ஜியக் காப்பகத்தில் கிடைத்தது, பிரெஞ்சு, ஃபிளெமிஷ் எழுத்து அட்டைகளோடு (மௌனப்படத்தில் காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் அட்டைகள்). வெள்ளை இனவெறிக் கும்பலான கூ க்ளக்ஸ் கிளான் தாக்கவரும் உச்சக்கட்டத்தில் பெரும்பகுதி அதில் இல்லை. பால் ராப்சன் நடித்த 'பாடி அண்ட் சோல்' (1925) மட்டும் அமெரிக்காவிலேயே, ரோச்செஸ்டரின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் காப்பகத்தில் இருந்தது.

ஆகவே ஆங்கிலத் தலைப்பை மட்டும் வைத்துத் தேடினால் போதாது. பிரெஞ்சு, ஸ்பானியம், டச்சு, ஜெர்மன் மொழிகளில் விநியோகஸ்தர் என்ன பெயர் வைத்திருக்கக்கூடும் என்று நீங்களே சில தலைப்புகளை ஊகித்து எழுதிக்கொள்ளுங்கள். நாயகன் பெயர், நாயகி பெயர், கதை நடக்கும் ஊர் எல்லாவற்றையும் வைத்துத் தேடுங்கள்.

தேட வேண்டிய இடங்கள் வரிசையாக: முதலில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் அமெரிக்க மௌனப்படங்கள் பற்றிய இணையத் தரவுத்தளம். எந்தப் படம் எந்த வடிவில் எந்த நாட்டில் இருக்கிறது என்று அதில் பார்க்கலாம். அடுத்து, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் தொகுத்த ஆரம்பகால ஆப்பிரிக்க அமெரிக்கத் திரைப்படத் தரவுத்தளம். 1930 வரையிலான ரேஸ் படங்கள், அவற்றின் நடிகர்கள், கம்பெனிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். மூன்றாவது, கினோ லோர்பர் வெளியிட்ட ஆப்பிரிக்க அமெரிக்க சினிமா முன்னோடிகள் பற்றிய டிஸ்க் தொகுப்பு. துண்டு துண்டாக மிஞ்சிய சில படங்களும் அதில் உண்டு. 'முழுதாகத் தொலைந்தது', 'சில நிமிடம் இருக்கிறது' என்பவை வேறு வேறு. லிங்கன் கம்பெனியின் 'பை ரைட் ஆஃப் பர்த்' (1921) படத்தில் சில நிமிடங்கள் மிஞ்சியிருக்கின்றன. அதைத் தொலைந்த படம் என்று எழுதினால் தெரிந்தவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த மூன்றிலும் 'தி ஹோம்ஸ்டெடர்' பிரிண்ட் எங்காவது இருப்பதாகத் தகவல் இல்லை. சரி, காகிதத்துக்குப் போகலாம்.

படி 2: ஒரு அட்டவணை போடுங்கள்

எக்செல், நோட்டுப் புத்தகம், எதுவானாலும் சரி. ஒவ்வொரு தகவலுக்கும் ஐந்து விஷயம் குறிக்க வேண்டும்: நிகழ்ந்த தேதி, இடம், தகவல், அதைச் சொல்லும் தாள், அந்தத் தாள் எழுதப்பட்ட தேதி. கடைசி இரண்டையும் விட்டுவிட்டுத்தான் பலர் பிற்பாடு திணறுகிறார்கள். 1919-ல் எழுதிய கடிதம் சொல்வதும், ஐம்பது வருடம் கழித்து ஒருவர் நினைவிலிருந்து சொல்வதும் ஒரே எடை ஆகாது.

படி 3: கறுப்பினப் பத்திரிகைகள்

வேலையின் பெரும்பகுதி இங்கேதான். வெள்ளையர் நடத்திய பெரிய நாளிதழ்கள் இந்தப் படங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சிகாகோ டிஃபெண்டர், பால்டிமோர் ஆஃப்ரோ-அமெரிக்கன், பிட்ஸ்பர்க் கூரியர், நியூயார்க் ஏஜ், நியூயார்க் ஆம்ஸ்டர்டாம் நியூஸ் போன்ற பத்திரிகைகள்தான் படத்துக்கும் ரசிகனுக்கும் நடுவே இருந்தன. 1920-களின் முதல் பாதிக்கு பில்போர்ட் இதழில் ஜே. ஏ. ஜாக்சன் எழுதிய கறுப்பினக் கலைஞர் பக்கமும் உண்டு.

காசு கட்டாமல் பார்க்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் 'க்ரோனிக்ளிங் அமெரிக்கா' தளம் இருக்கிறது. கணக்குத் தொடங்கவே வேண்டாம். ஒமாஹாவின் மானிட்டர், டல்லஸ் எக்ஸ்பிரஸ் மாதிரி சிறு ஊர்க் கறுப்பின வார இதழ்கள் அதில் கிடைக்கும். பெரிய பத்திரிகைகளை விட்டு இந்தச் சின்னப் பத்திரிகைகளில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. படம் எந்த ஊரில் எந்த வாரம் ஓடியது என்பது இவற்றில்தான் சிக்கும். டிஃபெண்டர் பெரும்பாலும் கட்டணத் தரவுத்தளங்களில்தான் கிடைக்கும். பல்கலைக்கழக நூலகக் கணக்கு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருந்தால் இந்தச் செலவு மிச்சம்.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். பழைய பத்திரிகையை ஸ்கேன் செய்து கணினி எழுத்தாக மாற்றியிருப்பதால், தேய்ந்த எழுத்து தப்பாகப் பதிவாகியிருக்கும். மிஷோ (Micheaux) பெயரில் இது இரட்டிப்பாகும். குடும்பப் பெயரில் நடுவே இருக்கும் 'இ' (e) என்ற ஆங்கில எழுத்து அவர் பிற்பாடு தாமாகச் சேர்த்துக்கொண்டது. அச்சுக்கோப்பவர்களும் மனம்போனபடி கோத்தார்கள். எனவே அந்தப் பெயரை நான்கைந்து விதமாக எழுதித் தேடுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் நடிகை ஈவ்லின் ப்ரீர் பெயரிலோ தியேட்டர் பெயரிலோ தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் அந்த மாத இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அப்படிப் புரட்டும்போது அக்கம்பக்கத்துச் செய்திகளும் கண்ணில் படும். அதுவும் வீண்வேலை அல்ல.

அதற்கு உதாரணம் இந்தப் படமே. பிப்ரவரி 20 திரையிடலை மட்டும் குறித்துக்கொண்டால் ஏன் ஒரு ராணுவக் கட்டடம் என்பது புரியாது. அந்த ஆர்மரி கறுப்பினப் படைப்பிரிவான எட்டாவது ரெஜிமென்டுக்குச் சொந்தமானது. அந்தப் படை முதல் உலகப் போரில் பிரான்சில் சண்டையிட்டுவிட்டு ஊர் திரும்பியது 1919 பிப்ரவரி 17 அன்று. நகரமே தெருவில் நின்று வரவேற்றது. மூன்றாம் நாள் அதே படையின் கட்டடத்தில் மிஷோ படத்தைப் போடுகிறார். ஆளுக்கு வியாபார மூளை எப்படி வேலை செய்தது என்று பாருங்கள்.

இன்னொரு சங்கதி, நாள்கிழமை. பிப்ரவரி 20 வியாழக்கிழமை. டிஃபெண்டர் சனிக்கிழமை தேதியோடு வரும் வார இதழ். 15-ம் தேதி இதழில் இருப்பது 'நடக்கப்போகிறது' என்ற அறிவிப்பு. நடந்ததா என்பதற்கு 22-ம் தேதி இதழையோ அதற்குப் பிந்தியதையோ பார்க்க வேண்டும். விளம்பரம் வந்துவிட்டது என்பதற்காகப் படம் ஓடியதாக எழுதிவிடக் கூடாது. ரேஸ் படங்களில் கடைசி நிமிடத்தில் பிரிண்ட் வந்து சேராமல் போவதும், சென்சார் தடுப்பதும் சகஜம்.

படி 4: ஒரு விளம்பரத்தை எப்படிப் படிப்பது

'தி ஹோம்ஸ்டெடர்' விளம்பரங்களில் ஒரு வரி வருகிறது. சிகாகோ பாதிரியார்கள் மூன்று பேர் எதிர்த்தும் சென்சார் வாரியம் படத்தை அனுமதித்துவிட்டது. ஊரறிந்த ஒரு கறுப்பினப் போதகரின் போலித்தனத்தை வைத்து எடுத்த படம் என்பது அவர்கள் புகார். இதுதான் சாரம்.

இந்த ஒரு வரியிலிருந்து என்னென்ன எடுக்கலாம்? படம் சென்சாருக்குப் போய் வந்தது உறுதி. புகார் கொடுத்தவர்கள் கறுப்பினச் சமூகத்துக்குள்ளேயே இருந்தவர்கள் என்பதும் தெரிகிறது. வெள்ளை அதிகாரிகள் மட்டும்தான் இந்தப் படங்களுக்கு எதிரி என்ற எளிய சித்திரம் இங்கேயே உடைகிறது. எதிர்ப்பை மறைக்காமல், அதையே விளம்பரமாக்கிக் கூட்டம் சேர்த்திருக்கிறார் மிஷோ. போதகர் பாத்திரம் படத்தில் முக்கியமானது என்பதும் கிடைக்கிறது.

எதை எடுக்கக் கூடாது? காட்சிகள் வெட்டப்பட்டனவா என்பதைப் பற்றி அந்த வரி எதுவும் சொல்லவில்லை. 'மூன்று' என்ற எண்ணும் படத்தை விற்கிறவர் சொன்ன எண். வேறு தாளில் அது உறுதியாகும்வரை, அட்டவணையில் 'விளம்பரப்படி' என்று எழுதி வையுங்கள்.

விமர்சனத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். அன்றைய பத்திரிகைகளில் கம்பெனி அனுப்பிய பாராட்டு அப்படியே செய்தியாக அச்சாகும். இரண்டு ஊர்ப் பத்திரிகையில் ஒரே வாக்கியம் இருந்தால் அது விமர்சனம் இல்லை, கம்பெனியின் கைவரிசை.

படி 5: கடிதங்கள், கம்பெனித் தாள்கள்

ஜார்ஜ் பி. ஜான்சன் என்பவர் ஒமாஹா தபால் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே லிங்கன் கம்பெனியின் பட விநியோகத்தைக் கவனித்தவர். அண்ணன் நோபிள் ஜான்சன் நடிகர். ஜார்ஜுக்கு எதையும் தூக்கிப் போடும் பழக்கம் இல்லை. கடிதங்கள், விளம்பரங்கள், பத்திரிகை வெட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். அந்தக் குவியல் இன்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தின் சிறப்புத் தொகுப்பு நூலகத்தில் இருக்கிறது. ரேஸ் படங்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இந்தத் தபால்காரர் சேர்த்ததிலிருந்து வந்ததுதான்.

'தி ஹோம்ஸ்டெடர்' பிறந்த கதையும் அங்கே இருக்கிறது. 1917-ல் மிஷோ வெளியிட்ட நாவலைப் பார்த்துவிட்டு, 1918-ல் ஜான்சன் படமாக்கும் உரிமை கேட்கிறார். கடிதங்கள் போய் வருகின்றன. லிங்கன் கம்பெனி அதுவரை எடுத்தவை இரண்டு, மூன்று ரீல் படங்கள். மிஷோவுக்கோ தன் கதை பெரிதாக வர வேண்டும், படப்பிடிப்பில் தானும் கூடவே இருக்க வேண்டும். ஒரு கடிதத்தில் அவர் விளம்பர யோசனையும் சொல்கிறார்: வேற்று இனத்தாரை மணக்கலாமா என்று பெரிய எழுத்தில் கேட்டு ஒரு சுவரொட்டி ஒட்டினால் போதும், அதைப்போல ஜனங்களை இழுப்பது வேறு ஒன்றும் இருக்காது. வெள்ளைப் பெண் என்று ஊரே நினைக்கும் ஒருத்தியைக் கறுப்பின விவசாயி காதலிக்கும் கதை அது. அந்தச் சர்ச்சையைக் கம்பெனிக்காரர்கள் அபாயமாகப் பார்த்திருக்கக்கூடும்; மிஷோ அதை வசூலாகப் பார்த்தார். பேரம் முறிந்தது. மிஷோ சொந்தமாகக் கம்பெனி தொடங்கி, அயோவாவின் சூ சிட்டி வட்டாரத்து வெள்ளை விவசாயிகளிடம் பங்கு விற்றுப் பணம் திரட்டினார். ஏற்கெனவே வீடு வீடாகப் போய் அவர்களிடம் நாவல் விற்றவர் என்பதால் கதவு தட்டப் பழகியிருந்தார்.

இந்தக் கடிதங்களைப் படிக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். ஜான்சன் ஒருவகையில் மிஷோவின் போட்டியாளர். அவர் எதைச் சேர்த்தார், மிஷோவைப் பற்றி ஓரத்தில் என்ன குறித்தார் என்பதில் அந்த உறவு இருக்கும். மிஷோ ஜான்சனுக்கு எழுதியதும் பேரம் பேசும் மனிதனின் எழுத்து. இருவரையும் சாட்சியாக எடுங்கள், ஆனால் வழக்கில் இருவருக்கும் பங்கு உண்டு.

நார்மன் படங்களைத் தேடுபவர்கள் இண்டியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்துக்கு எழுத வேண்டும். அவருடைய வியாபாரக் கடிதங்கள் அங்கே இருக்கின்றன. காப்பகத்துக்கு எழுதும்போது 'மிஷோ பற்றி என்ன இருக்கிறது' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். தொகுப்புப் பட்டியலை முதலில் இணையத்தில் படித்து, பெட்டி எண், கோப்பு எண் போட்டு, எந்த வருடத் தாள் வேண்டும் என்று கேளுங்கள். பதிலின் வேகமே மாறிவிடும்.

படி 6: சென்சார் கோப்புகள்

இந்தத் துறையின் வேடிக்கை இதுதான். படத்தைத் தடுக்க நினைத்தவர்கள்தான் அதை மிக நுணுக்கமாக எழுதி வைத்தார்கள். எந்த ரீலில் எந்தக் காட்சி, எந்த எழுத்து அட்டை, எதை வெட்ட வேண்டும் என்று கோப்பில் இருக்கும். பல கோப்புகளில் விண்ணப்பம், ரீல் எண்ணிக்கை, தயாரிப்பாளர் எழுதிய பதில் எல்லாம் கூடவே கிடைக்கும்.

ஆனால் மாநில வாரியங்களின் ஆயுளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க் மாநில சென்சார் 1921-ல்தான் தொடங்கியது. அதன் கோப்புகள் ஆல்பனியில் மாநிலக் காப்பகத்தில் உள்ளன. வர்ஜீனியா வாரியம் 1922-ல் தொடங்கியது; கோப்புகள் ரிச்மண்டில். 1919-ன் 'தி ஹோம்ஸ்டெடர்' இந்த இரண்டுக்கும் முந்தியது. எனவே இந்தப் படத்துக்கு இந்தப் படி அவ்வளவாக உதவாது. மிஷோவின் பிற்காலப் படங்களை எடுத்தால் இதுவே தங்கச் சுரங்கம். 'பாடி அண்ட் சோல்' படத்தில் கெட்ட போதகன் வருவதால் நியூயார்க் வாரியம் 1925-ல் முதலில் அனுமதி மறுத்தது. மிஷோ வெட்டி, மாற்றிக் கோத்த பிறகே விட்டது. 'பர்த்ரைட்' (1924) தங்கள் முத்திரை இல்லாமலே மாநிலத்துக்குள் ஓடியதை வர்ஜீனியா வாரியம் கண்டுபிடித்துக் குதித்தது. மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு வடிவில் படம் ஓடியது என்பதை இந்தக் கோப்புகளைப் பார்த்தால்தான் உணர முடியும். ஆகவே 'மூலப் படம்' என்று ஒன்றே ஒன்றைத் தேடாதீர்கள். நியூயார்க்கில் பார்த்ததும் ரிச்மண்டில் பார்த்ததும் ஒன்றாக இருந்திருக்காது.

சிகாகோவில் நடந்ததற்கு அடுத்த படத்தைப் பார்த்துப் பின்னணியைப் பிடிக்கலாம். 1919 ஜூலையில் அங்கே பெரும் இனக் கலவரம் வெடித்தது. ஆறு மாதம்கூட ஆகாத நிலையில் 1920 ஜனவரியில் 'விதின் அவர் கேட்ஸ்' வந்தபோது, மீண்டும் கலவரம் வரும் என்ற பயம்தான் சென்சார் சண்டையின் மையமாக இருந்தது. 'தி ஹோம்ஸ்டெடர்' பற்றிய சண்டை ஒரு போதகரின் மானத்தைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதிய கட்டுரைகள் உண்டு.

படி 7: நாவல், மறு ஆக்கங்கள்

நாவல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கதைச் சுருக்கம் இது. சௌத் டகோட்டா சமவெளியில் தனியாளாக நிலம் உழும் கறுப்பின இளைஞன் ழான் பாப்டிஸ்ட். பக்கத்து நிலத்து ஸ்காட்லாந்துக்காரர் மகள் ஆக்னஸ் மேல் காதல். இனம் வேறு என்று மனத்தை அடக்கி, சிகாகோ போதகர் மெக்கார்த்தியின் மகள் ஓர்லீனை மணக்கிறான். மாமனார் மகளைக் கணவனிடமிருந்து பிரிக்கிறார். முடிவில் ஓர்லீன் தந்தையைக் கொன்று தானும் சாகிறாள். ஆக்னஸின் உடலில் கறுப்பின ரத்தமும் இருப்பது தெரியவர, காதலர்கள் சேர்கிறார்கள். மிஷோ 1905-ல் கிரெகரி வட்டாரத்தில் நிலம் வாங்கி உழுதவர், 1910-ல் சிகாகோ போதகர் ஒருவரின் மகளை மணந்து தோற்றவர். கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

படத்தில் சார்ல்ஸ் லூகாஸ் நாயகன், ஈவ்லின் ப்ரீர் ஓர்லீன், ஐரிஸ் ஹால் ஆக்னஸ், வெர்னன் டங்கன் போதகர். பாத்திரப் பெயர்கள் நாவலோடு ஒத்துப்போகின்றன. அதனால் படமும் நாவலும் ஒன்றே என்று எழுதும் ஆசை வரும். இங்கேதான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். நாவல் தடித்த புத்தகம், படம் எட்டு ரீல். எதையெல்லாம் விட்டார் என்பதை நாவல் சொல்லாது.

மிஷோ இதே வாழ்க்கைக் கதையைத் திரும்பத் திரும்ப எடுத்தார். 1931-ல் 'தி எக்ஸைல்' என்ற பேசும்படம். அது கிடைக்கிறது, பாருங்கள். நாயகனுக்கு அதே பெயர், அதே டகோட்டா. ஆனால் சிகாகோப் பகுதி தலைகீழாக மாறியிருக்கிறது. போதகர் மாமனாரின் இடத்தில் மாளிகையைக் கேளிக்கை விடுதியாக்கும் ஒரு பெண் வருகிறாள். 1948-ல் 'தி பிட்ரேயல்' என்று மறுபடியும் எடுத்தார், அதுவும் தொலைந்துவிட்டது. ஒரே கதையை அவர் எப்படியெல்லாம் மாற்றுவார் என்பதைத்தான் 'தி எக்ஸைல்' காட்டுகிறது. 1919 படத்தின் இடைவெளியை அதைக் கொண்டு நிரப்ப முடியாது.

எளிய வழி: மூன்று நிறப் பேனா வைத்துக்கொள்ளுங்கள். 1919 தாள்களில் இருப்பது ஒரு நிறம், நாவலில் மட்டும் இருப்பது ஒரு நிறம், பிந்தைய படங்களில் இருப்பது இன்னொரு நிறம். கட்டுரை எழுதும்போது முதல் நிறத்தை மட்டும் 'படத்தில்' என்ற சொல்லோடு எழுதுங்கள்.

எழுத்து அட்டைகளிலும் இதே கவனம் வேண்டும். 'விதின் அவர் கேட்ஸ்' பிரிண்டில் ஆங்கில அட்டைகள் நான்குதான் மிஞ்சின. மற்றவை ஸ்பானியத்தில் இருந்தன. மிஷோவின் நாவல் நடையைப் படித்து அறிஞர் ஸ்காட் சிம்மன் அவற்றை ஆங்கிலத்தில் மறுபடி எழுதினார். நல்ல வேலைதான். ஆனால் இன்று திரையில் வரும் அந்த வரிகளை மிஷோ சொன்னதாக மேற்கோள் காட்ட முடியாது.

படி 8: நீளக் கணக்கும் புகைப்படமும்

35 மி.மீ. ரீல் ஒன்று சுமார் 1,000 அடி. ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 16 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் ஒரு ரீல் ஏறக்குறைய 16 நிமிடத்துக்கு மேல் வரும். 20 என்றால் 13 நிமிடம். எட்டு ரீல் முழுதாக நிரம்பியிருந்தால் 105-லிருந்து 135 நிமிடத்துக்குள். எல்லா ரீலும் நிரம்பியிருக்கும் என்று கட்டாயம் இல்லை, ஆபரேட்டர்களும் இஷ்டத்துக்குச் சுற்றினார்கள். எனவே 'சுமார் இரண்டு மணி நேரம்' என்பதற்கு மேல் துல்லியம் காட்ட வேண்டாம்.

இணையத்தில் கிடைக்கும் காட்சிப் புகைப்படங்களை அப்படியே ஏற்காதீர்கள். ஈவ்லின் ப்ரீர் மிஷோவின் பல படங்களில் நடித்தவர். ஒரு படம் கிடைத்தால், மிஞ்சியிருக்கும் 'விதின் அவர் கேட்ஸ்' படத்தை ஓடவிட்டு அதே உடை, அதே அறை வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 9: தகர டப்பாவே கிடைத்துவிட்டால்

வாய்ப்பு குறைவு, ஆனால் நடக்காதது இல்லை. 1983-ல் டெக்சஸ் மாநிலம் டைலரில் ஒரு கிடங்கில் கறுப்பினப் படங்களின் குவியலே கிடைத்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1939-ல் வாங்கிய பயோகிராஃப் கம்பெனி நெகட்டிவ்களுக்குள், பெர்ட் வில்லியம்ஸ் 1913-ல் நடித்து வெளிவராமலே போன படத்தின் ஏழு ரீல்கள் இருந்தன. அவை பொதுமக்கள் கண்ணுக்கு வந்தது 2014-ல்.

1951-க்கு முந்திய 35 மி.மீ. சுருள் என்றால் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எரியும்போது தானே ஆக்சிஜன் விடும். தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. கெட்டுப்போன சுருள் சாதாரண வெயில் சூட்டிலேயே பற்றக்கூடும். புரொஜெக்டரில் மாட்டவே கூடாது. பிசுபிசுப்பு, நுரைத்த மாதிரி கொப்புளம், பழுப்புப் பொடி இவற்றில் ஏதாவது தெரிந்தால் டப்பாவை மூடி, நிழலான குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டுக் காப்பகத்தை அழையுங்கள். சாதாரணத் தபாலில் அனுப்புவது சட்டவிரோதம்.

நல்ல நிலையில் இருந்தால் தலைப்பகுதியைக் கொஞ்சம் பிரித்து ஓரத்தைப் பாருங்கள். கோடக் நிறுவனம் 1916 முதல் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகளால் ஃபிலிம் தயாரான ஆண்டைக் குறித்தது. ஒரே குறி இருபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். 1919 குறியைப் பார்த்தால் 1939 ஆகவும் இருக்கலாம். தவிர, அது ஃபிலிம் தயாரான ஆண்டு, படம் பிடித்த ஆண்டு என்று பொருள் இல்லை.

படம் எது என்று தெரியவில்லையா? அதற்கென்றே வர்ஜீனியாவின் கல்பெப்பரில், லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் பக்கார்ட் வளாகத்தில் 2012 முதல் 'மோஸ்ட்லி லாஸ்ட்' என்ற கூட்டம் நடந்திருக்கிறது. அடையாளம் தெரியாத படத்தைத் திரையில் ஓட்டுவார்கள். அரங்கில் இருப்பவர்கள் வாய்விட்டுக் கத்தலாம்: காரின் மாடல், நம்பர் பிளேட், கடைப் பலகை, நடிகரின் மூக்கு. கையில் லேப்டாப் வைத்துத் தேடிக்கொண்டே பார்ப்பார்கள். தியேட்டரில் பேசுவது புண்ணியமாகும் இடம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து எந்தப் படம்?

'தி ஹோம்ஸ்டெடர்' பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். புதிதாக ஏதாவது கண்டுபிடிக்க வேண்டும் என்றால் வேறு படத்தை எடுங்கள். 1916-ல் மெக்சிகோ எல்லையில் கறுப்பினக் குதிரைப்படை ஈடுபட்ட கர்ரிசால் சண்டையை வைத்து லிங்கன் கம்பெனி எடுத்த 'தி ட்ரூப்பர் ஆஃப் ட்ரூப் கே' இருக்கிறது. ஜான்சனின் தாள்களில் தொடங்கலாம். பிலடெல்பியாவின் கலர்டு பிளேயர்ஸ் கம்பெனி 1926-ல் எடுத்த 'எ பிரின்ஸ் ஆஃப் ஹிஸ் ரேஸ்' படத்துக்கு உள்ளூர்ப் பத்திரிகைகளையும் சென்சார் கோப்புகளையும் நம்ப வேண்டியிருக்கும். எனக்கு ஆசை நார்மனின் 'பிளாக் கோல்ட்' (1928) மேல். ஓக்லஹோமாவில் முழுக்கக் கறுப்பர்கள் வாழ்ந்த டேட்டம்ஸ் என்ற ஊரின் எண்ணெய்க் கிணற்றுக் கதை அது. கம்பெனித் தாள்கள் லில்லி நூலகத்தில், ஊர்ப் பின்னணி ஓக்லஹோமாவின் கறுப்பினப் பத்திரிகைகளில். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது.